நூம்பல் ஷெட்டுக்கு ஒரே சாவி

நூம்பல்
மார்கழி பிறந்து மூன்றாம் நாள்

அன்புள்ள அகல்யாவுக்கு,

நூம்பலிலிருந்து உன் வேம்புலி அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. கேட்டால், "நல்லாருக்கேன்க்கா, கிளாஸுக்கு நேரமாச்சு, வெச்சிடறேன்" என்பாய். வைகாசியிலிருந்து போனில் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனை நீ வைத்துவிடலாம். கடிதத்தை எங்கே வைப்பாய்? மேஜை மேல் வைத்தாலும் அங்கேயே உட்கார்ந்து உன்னை முறைத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் மனோகரனிடம் உன் பரோடா விலாசம் வாங்கி எழுத உட்கார்ந்தேன். எழுத்துப் பிழை இருந்தால் உன் பிள்ளைகளுக்குக் காட்டிச் சிரிக்காதே. ஓவியம் சொல்லித்தருகிற டீச்சருக்கு எழுத்தைப் பற்றி என்ன பேச்சு?

முதலில் ஊர்ச் சேதி. இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பிக் கிடக்கிறது. வேலப்பன்சாவடி ரோட்டைத் தோண்டி மூடி, மறுபடியும் தோண்டிவிட்டார்கள். எதையோ உள்ளே மறந்து வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. உன் மாமாவுக்கு வெல்டிங் வெளிச்சம் பார்த்துப் பார்த்து மங்கின கண்ணுக்கு ஆஸ்பத்திரியில் புதுக் கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "இன்னாமே, இவ்ளோ கெய்வியா ஆய்ட்டே?" என்றார். கண்ணாடியைக் கழற்றி பீரோவில் பூட்டிவிட்டேன். பழைய கண்ணே அவருக்குப் போதும்.

சிரித்தாயா? சரி, இனிமேல் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் தாட்சாயிணி என்று ஒரு பெண் வந்தாள். காலேஜில் பெரிய படிப்பு படிக்கிறாளாம். சென்னையில் படம் வரைகிறவர்கள், சிலை செய்கிறவர்கள் எல்லாம் தாங்களே இடம் பிடித்து, தாங்களே நடத்தின கதையை எழுதப்போகிறாளாம். பெரிய கேலரிகளைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது, உங்களைப் போன்றவர்களைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை என்றாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் வந்து, "நீங்க இந்த ஆர்ட் ஸ்பேஸோட யாரு?" என்றாள். ஹவுஸ் ஓனர் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடுமே என்று, "நானும் ஒரு ஆர்ட்டிஸ்ட்டுதான்" என்று சொல்லிவிட்டேன். பொய்யா சொன்னேன்? நீயே சொல்.

அவளுக்கு நான் உங்கள் கதையை முதலிலிருந்து சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும்? நீயும் மனோகரனும் ஜஸ்டினும் சண்டை போடும்போதெல்லாம் அதைத்தானே எடுத்துப் பேசுவீர்கள்! அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு ரூம். அதுதான் முதல். மின்சார ரயில் போகும்போதெல்லாம் தரை ஆடும், மனோகரன் போடுகிற கோடும் ஆடும். வந்தவர்கள் எல்லாம் இந்த நடுக்கத்தில் என்ன ஒரு சோகம் என்று பாராட்டுவார்களாம். அவனும் அது தன் ஸ்டைல் என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். நீ களிமண் பிசைந்த தண்ணீர் பலகை இடுக்கு வழியாகக் கீழே இருந்த சைக்கிள் சீட்டுகளின் மேல் சொட்டிச் சொட்டி, ஒருநாள் எல்லாரும் பின்பக்கம் சேறாக ஆபீஸ் போனார்கள். அன்றைக்கே உங்களைக் காலி செய்யச் சொன்னார்கள்.

அப்புறம் திருவேற்காட்டில் பிளாட். இரண்டாவது மாடி. காகிதக் கூழில் ஆள் உயரத்துக்கு ஒரு தலை செய்தீர்களே, அதை லிப்டில் இறக்கும்போது கரண்ட் போனது. உள்ளே அந்தத் தலையும், ஆபீஸ் முடிந்து வந்த ஒரு கம்ப்யூட்டர்காரரும். கரண்ட் வந்து கதவு திறந்தபோது அவர் அந்தத் தலைக்கு எதிரே கைகூப்பி நின்றுகொண்டிருந்தாராம். அந்த வாரமே அசோசியேஷன் மீட்டிங். அந்த வாரமே நீங்கள் வெளியே.

அந்தத் தலையை வேன் மேலே கட்டிக்கொண்டு நீங்கள் மூன்று பேரும் எங்கள் தெருவில் வந்து இறங்கியது என் கண்ணிலேயே நிற்கிறது. வழியில் இரண்டு பொம்பளைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் வெளியே வந்து இது எந்த சாமி என்று கேட்டேன். மனோகரன், "சாமி இல்லக்கா, இது எங்க பழைய ஹவுஸ் ஓனரு" என்றான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எங்கள் பட்டறை ஷெட்டைக் கொடுத்தேன். நம்மையும் நாளைக்கு இவ்வளவு பெரிதாகச் செய்வார்கள் என்று ஓர் ஆசைதான்.

அப்போது உன் மாமா கண் மங்கி, வெல்டிங் பட்டறையை மூடிவிட்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். யாரிடமும் பேச்சில்லை, என்னிடம்கூட. நீங்கள் வந்தபிறகு பேச ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. அதற்கு உங்களை நான் திட்டுவதா கும்பிடுவதா என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை. "வேம்புலி அம்மன் வெல்டிங் ஒர்க்ஸ்" போர்டை எடுத்துவிடட்டுமா என்று ஜஸ்டின் கேட்டபோது நீதான் வேண்டாம் என்றாய். அதனால் உங்கள் முதல் கண்காட்சிக்கு உடைந்த கேட்டைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் வந்தார்கள். ஜஸ்டின் தான் செய்த இரும்பு எருமைக்குப் பக்கத்தில் நின்று அந்த கேட்டையெல்லாம் பற்றவைத்துக் கொடுத்தான். வந்தவர்கள் அதையும் கண்காட்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அன்று சாயங்காலம் நீ போட்ட சட்டத்தையும் தாட்சாயிணியிடம் சொன்னேன். இங்கே தலைவர் கிடையாது, ஆரம்பித்தவர் என்று யாரும் கிடையாது. ஒரு பூட்டு, ஒரு சாவி. மாதம் ஒருவர் கையில் சாவி. யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பெருக்க வேண்டும். அந்த மாதம் சுவரில் எது மாட்டுவது என்பதும் அவர் இஷ்டம், மற்றவர்கள் வாயைத் திறக்கக்கூடாது. மாதம் முடிந்தால் அடுத்தவர் கையில் கைவைத்துத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். இன்னொரு சாவி இருந்தால் இன்னொரு முதலாளி வந்துவிடுவான் என்றாய். இவர்கள் தேற மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே எல்லாருக்கும் டீ போட்டேன்.

அடுத்த வருஷம் என்னையும் வரிசையில் சேர்த்தாய். மாசி மாதம் என் கையில் சாவி. மூன்றாவது வரைக்கும் படித்தவள் சுவரில் எதை மாட்டுவாள்? யோசித்து யோசித்து உங்களையே மாட்டினேன். மூன்று பேரையும் மூன்று ஸ்டூலில் உட்காரவைத்து, கழுத்தில் அட்டை தொங்கவிட்டு, "ஆர்ட்டிஸ்ட்டைப் பாக்கலாம் வாங்க" என்று தெருவையே கூப்பிட்டேன். ஜஸ்டின் அட்டையில், "இரும்பை வளைப்பான், சொல் பேச்சுக்கு வளையமாட்டான்." மனோகரனுக்கு, "சர்க்கரை இல்லாமல் டீ கேட்பான், வந்ததும் சர்க்கரை எங்கே என்பான்." உனக்கு, "கோபம் வந்தால் சாப்பிடாது. பசி வந்தால் கோபப்படும்." அன்றைக்கு வந்த கூட்டம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. திருவேற்காட்டிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர்காரர்கூட வந்தார்! உங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "நல்லா வெச்சிருக்கீங்கம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அட்டைகளை நீ எழுதித் தருவாய் என்று நினைத்திருந்தேன். முடியாது என்றாய். "உன் மாசம், உன் எழுத்து" என்றாய். கல்யாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதற்குப் பிறகு பேனா பிடிக்காத கை. ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது. மனோகரன் திருத்த வந்தான், அவன் கையைத் தட்டிவிட்டாய். சாய்ந்த எழுத்தோடேயே தொங்கியது. அப்புறம் நான் நிறுத்தவில்லை கண்ணு. கேஸ்காரனுக்குச் சீட்டு எழுதினேன், கவுன்சிலருக்கு மனு எழுதினேன், இப்போது உனக்கு இவ்வளவு எழுதுகிறேன். இந்தக் கையை எனக்குத் திருப்பிக் கொடுத்தவள் நீ. இதை நேரில் சொன்னால் நீ வேறு பக்கம் பார்ப்பாய், எனக்கும் சிரிப்பு வந்துவிடும். அதனால் எழுதிவிட்டேன்.

சரி, வைகாசியில் நடந்ததற்கு வருகிறேன். பேப்பரில் ஜஸ்டின் படம் போட்டு, ஷெட்டை உருவாக்கியவர் என்று எழுதியிருந்தது. நீ அவனிடம் கேட்டாய். அவங்களா போட்டாங்க என்றான். அப்படியானால் போன் பண்ணித் தப்பு என்று சொல் என்றாய். அவன் பண்ணவில்லை. உனக்கோ பரோடாவில் வேலைக்கு ஆர்டர் வந்து பையில் இருந்தது. மறுநாள் சாவி உன் கையிலிருந்து ஜஸ்டின் கைக்குப் போக வேண்டும். நீ ரயில் ஏறிவிட்டாய், சாவியும் ஏறிவிட்டது. "மறந்துட்டேன்க்கா" என்று போனில் சொன்னாய். சாப்பிட மறப்பவள்தான் நீ, அதை ஒப்புக்கொள்கிறேன். சாவியை மறப்பவளா?

நீ போன பிறகு இங்கே நடந்த கூத்தைக் கேள். பூட்டை கேஸ் கட்டரில் ரெண்டு நிமிஷத்தில் அறுத்துத் தருகிறேன் என்று உன் மாமா கிளம்பினார். ஜஸ்டினும் மனோகரனும் குறுக்கே விழுந்து, "மாமா, வேணாம் மாமா, அது தப்பு" என்று அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் மூடின ஷட்டருக்கு வெளியே பாய் போட்டு உட்கார்ந்து மீட்டிங். பூட்டை உடைத்தால் சட்டம் உடைந்ததாகுமா, மாற்றுச் சாவி செய்தால் உன்னை நீக்கினதாகுமா என்று பொழுது சாயும்வரை பேசினார்கள். வேறு எந்த ஊரிலாவது ஒரு பூட்டின் மனசு புண்படுமே என்று இப்படி ரோட்டில் உட்கார்ந்து யோசிப்பார்களா? முடிவு என்ன தெரியுமா? காத்திருப்பது. கொரியரில் அனுப்பச் சொல்லட்டுமா என்றேன். "கொரியர்ல வந்தா அது வெறும் இரும்புக்கா" என்றான் ஜஸ்டின்.

மனோகரனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. மூடின ஷட்டர் மேல் ஷெட்டின் உள்பக்கத்தை அப்படியே வரைந்துவிட்டான். எருமை, ஸ்டூல், ஃபேன், தூரத்துச் சுவர் எல்லாம். ரோட்டிலிருந்து பார்த்தால் ஷெட் திறந்து கிடக்கிற மாதிரியே இருக்கும். முதல் நாள் ஒரு நாய் ஓடிவந்து மூக்கை இடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் உன் மாமா. நெற்றி வீங்கிப்போய் வீட்டுக்கு வந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "பயபுள்ள தேறிட்டான்மே!" அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

இப்போது ஜஸ்டின் விஷயம். தாட்சாயிணி அவனையும் வந்து பார்த்தாள். செல்போனில் பேச்சைப் பதிவு செய்தாள். நான் டீ கொண்டுபோனேன். வேண்டுமென்றே மெதுவாகத்தான் ஆற்றினேன். ஷெட்டை உருவாக்கினது நீங்கள்தானே சார் என்று அவள் கேட்டாள். அவன் சொன்னான்: "அந்தப் பேப்பர் தப்பு. இத யாரும் உருவாக்கல. ஒரு சாவி போதும்னு சொன்னது அகல்யா. மொத மாசம் பெருக்கினதும் அகல்யா. இத நீங்க எழுதணும்." அப்போதே ஏன் சொல்லவில்லை என்று அந்தப் பெண் விடாமல் கேட்டாள். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டான். "எங்கப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல, தகடு அடிக்கிற ப்ரெஸ் ஷாப்புல இருந்தவரு. நான் இரும்ப வளச்சா, பழய இரும்புக் கட வெக்கப்போறியாடான்னு கேப்பாரு. அந்தப் பேப்பர வெட்டி லேமினேஷன் பண்ணி, ஏசு படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டாரு. நான் போன் போட்டு அது தப்புன்னு எப்டிச் சொல்றது?"

நான் அவன் டம்ளரை எடுத்து மறுபடியும் ஆற்றிக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்குப் போய் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். அவர் அந்தப் படத்தைத் துண்டால் துடைத்துவிட்டு, "பேப்பர்ல எய்தினது தப்பா இருந்தா இன்னாடா, மூஞ்சி உன்னுதுதானே" என்றாராம். படம் இன்னும் அங்கேதான் தொங்குகிறது. பேப்பருக்கும் திருத்தம் எழுதி அனுப்பினான். அவர்கள் போடவில்லை. பழைய சேதி யாருக்கு வேண்டும்? உனக்குப் போன் போட்டான், நீ எடுக்கவில்லை. அவனுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டிருந்தது தப்புதான். முகத்துக்கு நேரே அதைச் சொல்லிவிட்டேன். ஆமாக்கா என்றான். அவன் ஆமாக்கா சொல்லி நீ எப்போதாவது கேட்டிருக்கிறாயா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாட்சாயிணி என்னையும் கூட்டிக்கொண்டு ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் போனாள். ஆவடியில் மூடிப்போன டியூஷன் சென்டரை நாலைந்து பேர் பிடித்துப் படம் மாட்டுகிறார்கள். பூந்தமல்லியில் கல்யாண மண்டபத்துப் பழைய சமையல்கட்டில் பொம்பளைகள் சேர்ந்து துணியில் வரைகிறார்கள். இரண்டு இடத்திலும் ஒரு பூட்டு, ஒரு சாவி, மாதம் ஒருவர் கை! ஏன் இப்படி என்று கேட்டேன். "இந்த மாதிரி எடம்னா அப்டித்தான்க்கா பண்ணுவாங்க" என்றார்கள். யார் சொன்னது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. சொன்னால் உன் சட்டத்தை உடைத்தவள் ஆவேனே. வரும் வழியில் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து நான் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். தாட்சாயிணி பயந்துவிட்டாள்.

ஆனால் நம் ஷெட்டுக்கு இப்போது ஓர் இடைஞ்சல். என் மகன் சரவணக்குமார், மூடிக் கிடக்கிற ஷெட்டை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது என்கிறான். தண்ணீர் கேன் கம்பெனிக்காரர்கள் குடோனுக்குக் கேட்கிறார்கள். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அவன் பிள்ளையும் பள்ளிக்கூடம் போக வேண்டுமே. பொங்கல் வரைக்கும் பொறு என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் ஷெட் திறந்தால் உங்களுக்கு. இல்லாவிட்டால் தை பிறந்ததும் தண்ணீர் கேனுக்கு. மகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், அதை மாற்ற மாட்டேன்.

உள்ளே உன் சாமான் எல்லாம் பத்திரம். எருமையின் வயிற்றுக்குக் கீழே பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. கூரையில் ஒழுகின இடத்துக்கு நேரே இருந்த உன் பெரிய படத்தை நகர்த்தி, என் பழைய புடவையால் மூடியிருக்கிறேன். தெருப் பொம்பளைகள் எல்லாரையும் அதில் நன்றாகத்தான் வரைந்திருக்கிறாய். என் மூக்கை மட்டும் ஏன் பாதியில் விட்டாய்?

பூட்டின ஷெட்டுக்குள்ளே இருக்கிறதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்றுதானே கேட்கிறாய்? கேள். பூட்டு வாங்கின அன்று அதோடு மூன்று சாவி வந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஏரியில் போட்டுவிட்டு வரச்சொல்லி, மூன்று பேரும் பெரிய பூஜை மாதிரி என் கையில் கொடுத்தீர்கள். உலகத்தில் எந்த ஹவுஸ் ஓனராவது தன் ஷெட்டு சாவியைத் தண்ணீரில் போடுவாளா? ஒன்றைப் போட்டேன். ஒன்று என் கடுகு டப்பாவில் இருக்கிறது. இத்தனை படித்தவர்கள், சாவியைத் தொலைக்கிற வேலைக்கு என்னைப் போய் நம்பினீர்களே!

வெள்ளிக்கிழமை தவறாமல் பின்மத்தியானம் ஜஸ்டினும் மனோகரனும் வேலைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்துத் திறப்பேன். பெருக்குவேன், பூனைக்குப் பால் வைப்பேன், பூட்டிவிடுவேன். உன் மாமாவைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒருநாள் ஜஸ்டின் ஷட்டருக்கு முன்னால் மழையில் நனைந்துகொண்டு நின்றான். டப்பாவைத் திறந்து சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம் யோசித்தேன். இதைக் கொடுத்தால் அவர்களுக்கு ஷெட் திறந்துவிடும். நீ அங்கேயே இருந்துவிடுவாய். உன் கையில் இருக்கிற சாவிக்கு வேலை இல்லாமல் போய்விடும். மறுபடியும் கடுகுக்குள் அமுக்கிவிட்டேன்.

வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. உன் சம்பாத்தியம், உன் மரியாதை, நன்றாக இரு. லீவு போட்டு போகிக்கு வா. ஜஸ்டின் கையில் கைவைத்துச் சாவியைக் கொடு. திட்ட வேண்டியதையும் அப்போதே திட்டிக்கொள், சாவி வாங்குகிறவன் கையை எடுக்கக்கூடாது என்று நான் புதுச் சட்டம் போட்டுவிடுகிறேன். தாட்சாயிணி தன் புத்தகத்துக்கு அன்றைக்குத்தான் படம் எடுக்கப்போகிறாள். முகம் வேண்டாம், ரெண்டு கையை மட்டும் எடு, கீழே யார் பேரும் போடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

நீ வந்ததும் கடுகு டப்பாச் சாவியை உன் கண்முன்னால் ஏரியில் போடுகிறேன். இந்தத் தடவை நிஜமாகவே. இந்த வருஷம் ஏரியில் தண்ணீர் நிறைய இருக்கிறது, வற்றுவதற்குள் வா. அம்மன் உன்னை எங்கே வைத்தாலும் பசியில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
மூக்கு முடியாமல் காத்திருக்கும் உன் அக்கா,
வேம்புலியம்மாள்